ரேஸ் குதிரையும் நெடுந்தீவு மட்டக்குதிரையும்

என் மூத்த மகளுக்கு அப்போது நாலு வயது. தொண்டை அடைப்பான் கண்ட மூன்றாம் நாள் காலையில், அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வேலிக்கு அப்பாலும் கேட்டது. ஊர் வைத்தியரான அப்போதிக்கரி வந்து அவள் வாயைத் திறந்து பார்த்தார். "இங்க ஒண்டும் செய்ய ஏலா. பொழுதுபட முந்தி மட்டக்களப்புக்குக் கொண்டு போங்க" என்றார்.

மருதமுனையிலிருந்து இருபது மைலுக்கு மேல். மாரி வெள்ளத்தால் பஸ் ஓடவில்லை.

நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் எங்கள் தெருச் சாரன் துணி வியாபாரி, நெடுந்தீவு மட்டக்குதிரை பூட்டிய தன் வண்டியோடு கேட்காமலே வந்து நின்றார். "மெதுவாத்தான் போகும் தம்பி. ஆனா வழியில நிக்காம போகும்."

எனக்கு வேகம் வேண்டியிருந்தது. கொழும்பு ரேஸில் ஓடி ஓய்ந்த உயரமான இங்கிலீஷ் குதிரை ஒன்று, ஊரின் பெரிய வயல்காரரான போடியாரிடம் இருந்தது. அவரிடம் ஓடப் புறப்பட்டேன்.

"அது ரெண்டு நிமிசம் பறக்க வளத்த சாதி" என்றார் வியாபாரி. "அரபுக் குதிரயெண்டா தாக்குப் பிடிக்கும். அதுக்கு ஏலா." நான் கேட்கவில்லை.

போடியார் மறுக்காமல் அதைத் தன் வண்டியில் பூட்டித் தானே ஓட்டி வந்தார். முதல் இரண்டு மைலும் பறந்தோம். கல்லாற்றை நெருங்கும்போது ரோட்டில் முழங்காலளவு தண்ணீர், அடியில் சேறு. குதிரையின் விலா உலைத்துருத்திபோல் அடித்தது. வாயில் நுரை தள்ளி, நின்றுவிட்டது. போடியார் சவுக்கை ஓங்கினார், பிறகு தாழ்த்திக்கொண்டார். "இனிப் போகா தம்பி."

மகளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கத் தொடங்கினேன். மனைவி "அல்லாஹ், அல்லாஹ்" என்றபடி பின்னால் வந்தாள். கொஞ்ச தூரத்தில் சக்கரச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வியாபாரி எங்கள் பின்னாலேயே வந்திருந்தார்.

"ஏறுங்க" என்றார்.

மட்டக்குதிரை வயிறு நனைய நனைய, கூட்டாமல் குறைக்காமல் ஒரே நடையாகப் போனது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அடிங்க காக்கா" என்று கத்தினேன்.

"அடிச்சா ஓடும். பிறகு இதுவும் நிண்டிரும்."

அஸர் தொழுகை நேரம் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தொண்டையைக் கீறிக் குழாய் வைத்தார்கள். மகள் பிழைத்தாள். குழாயை எடுத்த பிறகும் குரல் கரகரத்தே இருந்தது.

வீடு திரும்பிப் பல நாள் கழித்து மனைவி கேட்டாள்: "முதலே காக்காட வண்டியில போயிருந்தா, புள்ள அவ்வளவு நேரம் தவிச்சிருக்காதுதானே?"

"ஓம்" என்றேன்.