சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே கால் மைல்

இந்தோனேசியா நம்மோடு மோதிய கொன்ஃப்ரண்டாசி வருஷங்களில் மூன்று நாட்டுக் கப்பல்கள் கூடி நம் கடலைக் காத்தன என்று யாராவது பெருமையடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காத்தார்களாம்! அந்தக் காவலுக்கு நடுவில்தான் என் தங்கையின் புருஷன் பட்டப்பகலில் செத்தான். அதற்கு நானும் உடந்தை. இதை எழுதிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

நான் அந்தக் கூட்டுக் கடற்படைத் தலைமையகத்தில் ட்ரேசர். அதிகாரிகள் பென்சிலில் கிறுக்கித் தருகிற கடல் வரைபடத்தை ட்ரேசிங் துணியில் மையால் சுத்தமாகப் படியெடுப்பது என் வேலை. இந்தோனேசியாவிலிருந்து படகில் ஆள் வருவான், வெடி வைப்பான் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அவ்வளவு கடலையும் ஒரு நாட்டுக் கப்பல்களால் பார்க்க முடியாது. ஆகவே ஒரே தலைமையின் கீழ் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்திருந்தார்கள். மேற்கே ஒரு கொடி, அதற்குச் சிவப்பு மை. கிழக்கே இன்னொன்று, பச்சை. தெற்கே நீலம்.

மாப்பிள்ளை பம்போட் ஓட்டினான். நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களுக்குப் பழம், சிகரெட், சட்டை என்று கொண்டுபோய் விற்கிற சின்ன விசைப்படகு. வாய் கொஞ்சம் அதிகம். தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் போதும், "என்ன மச்சான், கடலுக்கே வேலி போடுறீங்களாமே! எனக்கு ஒரு கேட் வைங்க லா" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவான். எனக்கு எரிச்சலாக வரும். தங்கை சிரிப்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு நிற மை தொட்டுக்கொண்டால் ஒன்றுக்குள் ஒன்று ஊறி இரண்டு கோடும் கெட்டுவிடும். அதனால் பக்கத்தில் பக்கத்தில் வரும் கோடுகளுக்கு நடுவே ஓர் அரிசி அகலம் வெள்ளை விடுவோம். பென்சில் படத்தில் எல்லை ஒரே கோடுதான். நான் அதற்கு இந்தப் பக்கம் சிவப்பும் அந்தப் பக்கம் பச்சையும் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அந்த அரிசி அகலம் கடலில் கால் மைல் வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதில் ஒரு மனுஷன் இருப்பான் என்று தோன்றவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் என்னை ஆபரேஷன்ஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். வழியே போன சரக்குக் கப்பல் ஒன்று ரேடியோவில் சொல்லியிருந்தது: சின்னப் படகு, எஞ்சின் நின்று மிதக்கிறது, ஒருவன் சட்டையைக் கழற்றி வீசுகிறான். சுவரில் என் படம். படகு இருந்த இடத்தில் பென்சில் புள்ளி. புள்ளி வெள்ளைக்குள் இருந்தது.

"என் எல்லை சிவப்போடு சரி" என்றார் மேற்குப் பகுதி அதிகாரி. "என்னுடையது பச்சையில்தான் ஆரம்பம்" என்றார் கிழக்குப் பகுதிக்காரர். சொல்லாமல் அடுத்தவர் பகுதிக்குள் கப்பலை விட்டால் ஒருவரையொருவர் எதிரி என்று சுட்டுக்கொள்ள நேரும் என்பது அவர்கள் பயம். பெரிய அதிகாரி என் பக்கம் திரும்பி, "இந்த இடைவெளி மூலப் படத்திலேயே இருந்ததா?" என்று கேட்டார்.

"யெஸ் சார்."

வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். போன மாதம்தான் படத்தில் பிழை விட்ட ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 'அது வெறும் மைக்காக விட்டது சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், யாராவது ஒருவர் அப்போதே கப்பலை அனுப்பியிருப்பார். மேலிடத்தைக் கேட்கப் போனார்கள். மேலிடம் கூட்டத்தில் இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதற்குள் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தன. கடைசியில் கப்பல் போனபோது அங்கே எதுவும் இல்லை. 'பாவம், எவனோ' என்று சொல்லிக்கொண்டு நான் டீ குடிக்கப் போனேன். சீச்சீ!

சாயங்காலம் ஃபேரர் பார்க்கில் என் வீட்டு வாசலில் தங்கை நின்றாள். "எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்கண்ணே. அவர மட்டும் காணோம். உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்களேன்." கேட்கிறேன் என்றேன். மறுநாள் கவிழ்ந்த படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது: கோடுகள் தொடும்படி புதுப் படம் வேண்டும். ஒரே மத்தியானத்தில் முடித்தேன். சிவப்பைக் காயவிட்டுப் பச்சையைப் போட்டால் மை ஊறவே ஊறாது. பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். படம் சுத்தமாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து, அந்தக் கப்பல்கள் ஊரை விட்டுப் போகும் என்ற பேச்சு கிளம்பிய சமயம், என்னால் தாங்க முடியவில்லை. தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. வைவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஏண்ணே சொன்னீங்க?" என்றாள். "இத்தனை வருஷமா தெனம் அந்தக் கடலத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அது சுலபமா இருந்துச்சு. நீங்க கூடப் பொறந்தவராச்சே."