கம்பைலர் தூக்கிய வேலை

போன வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் காட்பாடிப் பக்கம் காலேஜில் எனக்கு புராஜெக்ட் வைவா. இந்தத் தடவை விட்டால் எம்.டெக். இன்னொரு செமஸ்டர் இழுக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை, நாற்பது வயது... இப்போது எதற்குப் படிப்பு என்கிறீர்களா? ஆசைதான்!

புராஜெக்ட் இதுதான் — நானே ஒரு குட்டி கம்ப்யூட்டர் மொழி உருவாக்கி, அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர ஒரு கம்பைலரும் எழுத வேண்டும். என் மொழியில் இரண்டு ரகம். கணக்குப் போட்டு விடை சொல்வது ஒன்று. ‘இதைச் செய், அதை ஸ்க்ரீனில் காட்டு’ என்று வரிசையாக வேலை ஏவுவது இன்னொன்று.

சோதித்துப் பார்க்க ஒரு புரோகிராம். ஒவ்வொரு ஜோடி ஷூ பேக் ஆனதும் ‘ரெடி’ என்று ஸ்க்ரீனில் வர வேண்டும். ஓடவிட்டேன். ஸ்க்ரீன் காலி. எரர்கூட இல்லை!

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னாமா, ஒண்ணுமே வர்ல?”

“சும்மா இருங்க. நானே பேஜார்ல இருக்கேன்.”

அவர் நகரவில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான். “நல்ல தண்ணி வந்துச்சி. கொடமெல்லாம் ரொப்பிட்டேன், பார்த்தியா?”

நான் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் வரி வரியாகத் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“தெனம் ரொப்புறேன். நீ பதில் சொல்லலைன்னா நான் ரொப்பவே இல்லைன்னு ஆய்டுமா?”

கீபோர்டில் என் கை அப்படியே நின்றது.

முந்தின வாரம்தான் கம்பைலருக்குப் பெருமையாக ஒரு புத்தி சொல்லியிருந்தேன் — எந்த வேலையின் விடையை யாரும் கேட்கவில்லையோ, அதைத் தூக்கிவிடு. புரோகிராம் வேகமாக ஓடும். கணக்கு ரகத்துக்கு அது சரி. ஆனால் ‘ரெடி’ காட்டுகிற வேலை யாருக்கும் விடை தராது. காட்டிவிட்டுப் போய்விடும். வெட்டிவேலை என்று அதையும் தூக்கிவிட்டது கம்பைலர்!

யாரும் கேட்காத வெறும் கணக்கென்றால் தூக்கு, வெளியே ஏதாவது நடக்கிறதென்றால் கை வைக்காதே என்று மாற்றினேன். ரெடி, ரெடி, ரெடி... வரிசையாக வந்தது. சனிக்கிழமை வைவாவில் பாஸ்!

நம் வீடுகளிலும் எத்தனை வேலை இப்படி யாரும் கேட்காமலே நடக்கிறது? நாமும்தான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரயில் பிடித்து வீடு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். குடங்கள் நிறைந்திருந்தன. “பார்த்தேங்க” என்றேன்.

“இன்னாத்த?”

“தண்ணிய.”

சிரித்துவிட்டார். “நேத்து கேட்டதுக்கு இன்னிக்குப் பதிலா? உன் மெஷினு ரொம்ப ஸ்லோமா!”