தினம் ஒரு சொம்பு குடிக்கும் வண்டி

அந்த வெள்ளை வாடகைக் கார் தண்ணீர் குடிக்கிறது என்று என்னிடம் முதலில் சொன்னவர் முடிதிருத்துபவர். கத்தி கழுத்தில் இருந்ததால் மறுத்துப் பேச வழியில்லை. தினம் இரண்டு வாளி என்றார். டீக்கடையில் விசாரித்தபோது அது நாலு வாளியாகியிருந்தது. மருந்துக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், குழாயடியைக் கடக்கும்போது வண்டி தானாகவே வேகம் குறைகிறது என்றார். ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. குடிப்பது, நாலு மாதத்துக்கு முன் அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே இறந்துபோன மனிதர்.

படித்தவர்கள், அதிலும் என்னைப்போலப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள், இதையெல்லாம் நம்பக்கூடாது. எனவே நம்பாத முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு, வண்டி நிற்பதாகச் சொன்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

ஒர்க்‌ஷாப் என்பது பெரிய வார்த்தை. இரண்டு கார் நுழைந்துவிட்டால் மனிதன் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டிய ஒரு தகரக் கொட்டகை. அதன் சொந்தக்காரரை எல்லோரும் ‘சாட்சி’ என்றே கூப்பிடுகிறார்கள். பல வருடங்களுக்கு முன் ஒருவர், தன் வண்டியின் நல்ல பாகத்தை இவர் உருவிக்கொண்டு ஓட்டைப் பாகத்தை மாட்டிவிட்டார் என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, கோளாறை அவர் கண்ணால் பார்த்த பிறகே மனிதர் ஸ்பேனரைத் தொடுவார். அவசரமாக வந்தவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பெல்ட்டில் இருக்கும் மயிரிழை வெடிப்பைக் காட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மாடியில் தையல் மெஷின் ஓட்டும் அவருடைய மனைவி சொன்னார்: “வீட்ல பல்பு போனாக்கூட என்னைக் கூப்பிட்டு, காதுகிட்ட ஆட்டிக் காட்டிட்டுத்தான் மாத்துவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி இவரைப் பத்தி எனக்கு யாரும் இப்படி ஆட்டிக் காட்டல.”

சாட்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு டிராக்டர் ஷெட்டில் சேர்ந்தவர். அங்கே கிரைண்டர் சத்தம் இடது காதைத் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் வலது காதில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை வைத்து, முனையை எஞ்சின் மேல் ஊன்றிக் கேட்பார். கேட்கும்போது கண் மூடியிருக்கும். அந்த நேரம் யாராவது தும்மினால் முறைப்பார்.

நான் போனபோது காலை பத்து மணி. ஸ்டூலில், மடியில் ஒரு பித்தளைச் சொம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் மனைவி. பக்கத்தில் நின்றவர் இறந்தவரின் தம்பி. இப்போது வண்டி ஓட்டுகிறவர்.

“அண்ணே, இன்னைக்கே பிரிச்சுப் பாத்துடுங்க,” என்றார் தம்பி. “வீட்ல அஞ்சு வாய். சோறு போடுறது இது ஒண்ணுதான்.”

“பிரிக்கச் சொல்லல,” என்றார் அண்ணி. “தண்ணி எங்க போகுதுன்னு முதல்ல காட்டட்டும். அதுக்கப்புறம் பேசுவோம்.”

தம்பி என்னைத் தனியே இழுத்துக் கதையைச் சொன்னார். அன்றைக்குச் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் எஞ்சின் சூடேறி ஆவி கிளம்பியிருக்கிறது. அண்ணன் கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். அதை முழுக்க ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு இருக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். ‘நாக்கு வறளுது, தண்ணி எடுத்துட்டு வா.’ அவர் சொம்போடு ஓடி வந்து சேர்ந்தபோது குடிக்க ஆள் இல்லை.

“அதுலேருந்து தினம் காலையில சொம்பு நிறையக் கொண்டுவந்து ரேடியேட்டர்ல ஊத்துறாங்க. மறுநாள் பாத்தா அவ்வளவும் காணோம். ரிப்பேர் பண்ணலாம்னு எடுத்தா, சாவியைப் பிடுங்கி வச்சுக்குறாங்க. எனக்கே இப்பல்லாம் வண்டியில தனியா உட்கார ஒரு மாதிரியா இருக்கு சார். காலையில ஸ்டார்ட் பண்ணா பின்னால வெள்ளையா ஒரு புகை வருது. லேசா இனிப்பு வாசனை.”

இரண்டு வாளியும் இல்லை, நாலு வாளியும் இல்லை. ஒரு சொம்பு. வதந்தி பொய் என்று அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொம்பு எங்கே போகிறது?

சாட்சி அந்த அம்மாவின் பக்கம் குனிந்தார். “இந்த வண்டி எத்தனை நாள் இப்படி ஓடும்னு என்னால சொல்ல முடியாதும்மா. உள்ள போற தண்ணி ஒரு நாள் தேங்கி நின்னுச்சுன்னா, ஸ்டார்ட் பண்ற நேரத்துல பிஸ்டன் ராடு வளைஞ்சு எஞ்சினே போயிடும். அப்ப சும்மா குடுத்தாலும் யாரும் எடுக்க மாட்டாங்க.”

“குடிக்கிறவரைத் தடுக்கச் சொல்றீங்களா?”

சாட்சி வேலையில் இறங்கினார்.

வண்டிக்கு அடியில் காய்ந்த அட்டையை விரித்தார். கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கி, அந்த அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தார். காய்ந்திருந்தது. ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். தண்ணீர் ஆயிலில் கலந்தால் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிடுமாம். இதில் சுத்தமான ஆயில். பிறகு ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடிக்குப் பதிலாக முள் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டி, நாலு அடி அடித்தார். முள் ஏறி நின்றது.

“இப்ப எல்லாரும் உட்காருங்க. உள்ள அடைச்ச காத்து தண்ணியைத் தள்ளும். வழி இருந்தா முள்ளு இறங்கும்.”

கரண்ட் போனது. மாடியில் தையல் மெஷின் நின்றது. பட்டப்பகல் வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருக்க, நாலு பேர் ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. முள் இறங்கியது. மெதுவாக, தூக்கம் வருகிறவனின் தலை தொங்குவதுபோல. சாட்சி குழாய்களைத் தடவினார், எஞ்சினின் வாட்டர் பம்ப் அடியைத் தடவினார், விரலை விரித்துக் காட்டினார். ஈரமே இல்லை. அட்டை காய்ந்தபடியே கிடந்தது. முள் இன்னும் இறங்கியது. நம்பாத முகத்தை நான் எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.

சாட்சி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து எஞ்சினின் நாலு இடங்களில் ஊன்றினார். மூன்றாவது இடத்தில் கண்ணைத் திறந்தார். அவருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. கைப்பிடியை அந்த அம்மாவின் காதில் வைத்தார்.

அவர் வெகுநேரம் கேட்டார்.

“விழுங்குற சத்தம்,” என்றார் கடைசியில், குசுகுசுவென்று. “விட்டு விட்டு... விழுங்குறாரு.”

தம்பி இரண்டடி பின்னால் போய் டயர் அடுக்கில் இடித்துக்கொண்டார். “அண்ணி, வேணாம். விட்டுடுங்க. வீட்டுக்குப் போயிடலாம்.”

“நீ கொஞ்சம் சும்மா இரு தம்பி. உனக்கு அவர் உசுரோட இருந்தப்பவே பயம்.”

சாட்சி நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். மூன்று கருத்திருந்தன. மூன்றாவது சிலிண்டரில் இருந்தது மட்டும், யாரோ தேய்த்துக் கழுவியதுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

“எஞ்சினுக்குள்ள சுத்தமா ஒண்ணு இருந்தா அதைத்தான் சந்தேகப்படணும்,” என்றார். (இது எஞ்சினுக்கு வெளியிலும் பொருந்தும் என்பது என் அனுபவம்.) “தண்ணி இங்க வந்து ஆவியாகி, பிளக்கைக் கழுவுது. காட்டுறேன், இங்க வாங்கம்மா.”

பிளக் துளைகளுக்கு மேலே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு தம்பியைச் சாவி திருப்பச் சொன்னார். தம்பி ஜன்னல் வழியாகக் கையை மட்டும் விட்டுத் திருப்பினார். பிளக் இல்லாத எஞ்சின், படியேறி வந்தவர் மாதிரி மூச்சிரைத்தது. மூன்றாவது துளை ஒருமுறை இருமியது. அட்டையில் பொத்தென்று நீர் தெறித்துக் கீழே வழிந்தது.

அந்த அம்மா ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்போ... குடிக்கலையா?”

“இல்லம்மா. எஞ்சினோட மேல்மூடி ஹெட்டுக்கும் அடிப்பாகம் பிளாக்குக்கும் நடுவுல கேஸ்கெட்னு ஒரு தகடு இருக்கு. அது வெந்து வழி விட்டிருக்கு. நீங்க ஊத்துறது அந்த வழியா இறங்கி, எரிஞ்சு, பின்னால புகையாப் போகுது.”

“நாலு மாசமா?”

“ஆமாம்மா.”

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். சொம்பைத் தரையில் வைத்தார், அவ்வளவுதான். “பிரிங்க,” என்றார்.

மறுநாள் ஹெட்டைக் கழற்றினார் சாட்சி. கேஸ்கெட்டில் மூன்றாம் வட்டத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே நகக்கண் அளவு கரிந்த ஒரு பாதை. அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்: “இது அன்னைக்கு அவர் தண்ணி ஊத்துனதுல வந்ததா? இல்ல, அதுக்கு முன்னாடியே வண்டி சரியில்லையா?”

“ஹெட்டை லேத் பட்டறையில மட்டம் பிடிக்கக் குடுத்திருக்கேன். வரட்டும்மா. பாத்துட்டு சொல்றேன்.”

ஹெட் வந்தது. எஞ்சினை மறுபடி பூட்டியாயிற்று. புகை நின்றது, தம்பி தனியாக உட்கார்ந்து ஓட்டுகிறார். முதல் வாரத்தில் மட்டும் ரேடியேட்டரில் ஒரு டம்ளர் குறைந்தது. புதிதாக நிரப்பும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறினால் அப்படிக் குறையும் என்கிறார் சாட்சி. அந்த அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த ஒரு டம்ளரைத் தானே ஊற்றினார். முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. அது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை.

சாட்சியிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். “அந்தம்மா கேட்டதுக்கு லேத்துல என்ன தெரிஞ்சுது?”

ஒரு நட்டைத் துடைத்தார். துடைத்த நட்டையே திரும்பத் துடைத்தார்.

“லேத்துல என்ன சார் தெரியும்? எனக்கு முன்னாடியே தெரியும். அவர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இங்க வந்தாரு. சூடு கொஞ்சம் ஏறுதுன்னாரு. எனக்குக் கைநிறைய வேலை. பானெட்டைக்கூடத் திறக்கல. ‘அடுத்த வாரம் வாங்க, அதுவரைக்கும் ஒரு பாட்டில் தண்ணி கையில வச்சுக்குங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தப் பாட்டில்தான் சார் அது.”

இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. அச்சுல வர்றதுக்குள்ள நானே சொல்லியாகணும்ல? அந்தப் பயத்துலயாவது வாய் திறக்குதான்னு பாப்போம்.”

அந்த அம்மா வாரம் ஒருமுறை வண்டியைக் கொட்டகைக்கு வரச் சொல்லித் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்கிறார். இன்று காலையிலும் கேட்டார். சாட்சி ரேடியேட்டர் மூடியைத் திருகி இறுக்கினார். இறுகிய பிறகும் இறுக்கினார்.

“பாத்துட்டு சொல்றேம்மா,” என்றார்.