முட்டைக் கூட்டம்

பதினாறாம் பிளாக் செசிலியாவைக் காசநோய் ஒழிப்புக்குள் இழுத்துவிட்டது ஒரு மின்விசிறி. 2013 மே மாதம், நெய்வேலி நகரியத்தில் ஒரு சர்ச் ஹாலில், 'சுவாச தீபம்' என்ற தொண்டு நிறுவனம் கூட்டம் போட்டது. புழுக்கம் தாங்காமல், அந்த ஃபேனைப் போடச் சொல்லலாம் என்று எழுந்து நின்றாள். "பாருங்க, ஒரு சகோதரி தானா முன்வர்றாங்க!" என்று மேடையில் இருந்த ஒருங்கிணைப்பாளர் சிங்காரவேல் கைதட்டிவிட்டார். ஹாலே தட்டியது. ஃபேன் கடைசிவரை ஓடவில்லை. செசிலியா பெயர் நோட்டில் ஏறிவிட்டது.

வேலை என்னவோ எளிதுதான். நோயாளியின் பெயர் எழுதிய சிவப்பு மாத்திரைப் பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அவள் குவார்ட்டர்ஸுக்கு வரும். திங்கள், புதன், வெள்ளி நோயாளி வந்து அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ஆறு மாதம். நடுவில் விட்டால் நோய் முரண்டு பிடிக்கும், அப்புறம் இந்த மாத்திரைக்கெல்லாம் மசியாது.

வந்து சேர்ந்தவன் சடையப்பன். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டான். "யக்கா, இது வெளிய தெரிஞ்சா கான்ட்ராக்டரு கேட் பாஸப் புடுங்கிக்குவாருக்கா. போன வருசம் ஒருத்தன அப்பிடித்தான் தொரத்துனாங்க."

"பொண்டாட்டிகிட்டயாவது சொன்னியா?"

"சொல்றேங்க்கா."

அந்த 'சொல்றேங்க்கா'வை அவன் ஆறு மாதமும் சொன்னான். அவளிடம் மட்டும் சொன்னான்.

முதல் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் வழியில் காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் வருவான். ராத்திரி எதைச் சாப்பிட்டானோ, வெறும் வயிற்றில் ஏழு மாத்திரை இறங்கும். கொய்யா மரத்தடியில் அப்படியே வாந்தியாக வெளியே வரும். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை ஆளையே காணோம். பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடித்தாள். "கொடலே வெளிய வந்துரும் போலக்கீதுக்கா. நோவே தேவல. எனக்கு வேணாம், வுட்ருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்படியே விட்டால் ஆள் போய்விடுவான். சிங்காரவேலுக்குப் போன் போட்டாள். "சார், இந்த ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு பழம், அவ்வளவுதான். திட்டத்துல குடுக்க முடியாதா?"

"சாப்பாட்டுக்கு பட்ஜெட்ல ஹெட் இல்ல மேடம்."

"எதுக்குத்தான் சார் இருக்கு?"

விழிப்புணர்வுக்கு இருந்தது. அடேயப்பா, எவ்வளவு இருந்தது! கடல் தாண்டி வந்த பணமாம். தொப்பி வந்தது, பனியன் வந்தது, குடை வந்தது, நுரையீரல் வடிவத்தில் சாவிக்கொத்து வந்தது. நெய்வேலியில் காசநோயைப் பற்றித் தெரியாத சாவி ஒன்றுகூடக் கிடையாது. சோறு மட்டும் விழிப்புணர்வில் சேராதாம்.

"ஆனா மீட்டிங் போட்டீங்கன்னா ரெஃப்ரெஷ்மென்ட் உண்டு மேடம்" என்றார் சிங்காரவேல் தாராளமாக. "கொறஞ்சது பத்துப் பேர் இருக்கணும். பேனர் தெரியற மாதிரி போட்டோ வேணும்."

செசிலியா போனை வைத்தாள். பிறகு முட்டை வாங்கப் போனாள்.

அடுத்த திங்கள்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் காசநோய் விழிப்புணர்வுக் கூட்டம் தொடங்கியது. புதன் கூட்டம், வெள்ளி கூட்டம். ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் ஒன்பது பேரைக் கூப்பிட்டிருந்தாள். பத்தாவது ஆள் சடையப்பன். ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், டீ. "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்ட் பண்ணுங்க. அவ்ளோதான், சாப்பிடுங்க" என்பது தலைமையுரை. முட்டையைத் தின்றுவிட்டு சடையப்பன் டம்ளர் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போவான். மாத்திரை உள்ளே போகும், தங்கும். பத்தோடு பதினொன்றாக அவன் நின்றதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டத்துக்கு வருகிறவனை எவன் நோயாளி என்பான்?

சிங்காரவேலுக்குத் தலைகால் புரியவில்லை. மாவட்டத்திலேயே அதிகக் கூட்டம் பதினாறாம் பிளாக்கில்! அறிக்கை டில்லிக்குப் போயிற்று, அங்கிருந்து கடல் தாண்டிற்று. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, பணம் கொடுத்தவர்களே பார்க்க வந்துவிட்டார்கள். இரண்டு கார், ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு கேமராக்காரர். பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்களாம் என்று கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் வேலியோரம் வந்து நின்றுகொண்டான்.

அந்த அம்மா பேனரைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், ஏதோ கேட்டார். சிங்காரவேல் மொழிபெயர்த்தார்: "இவ்வளவு மீட்டிங் நடந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். ஒரு நோயாளியைப் பார்க்கணுமாம். இங்க இருக்காங்களா?"

கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. சடையப்பன் வாயில் பாதி முட்டை. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவன் கண் சூப்பர்வைசரிடம் போய், செசிலியாவிடம் வந்து நின்றது.

"சொல்லுங்க மேடம், யாரு?" என்று அவசரப்படுத்தினார் சிங்காரவேல். யாரென்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மனிதர் தொப்பிகளை எண்ணவே நேரம் போதாதவர்.

"நான்தாங்க" என்றாள் செசிலியா.

"எ... என்ன மேடம்?"

"எனக்குத்தான் டி.பி. இன்னைக்கு மாத்திரைய நீங்க வர்றதுக்கு முன்னாடியே முழுங்கிட்டேன்னு சொல்லுங்க."

வெள்ளைக்கார அம்மா கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நோயாளியே ஊருக்குப் பாடம் எடுக்கிறாள், இதைவிட என்ன வேண்டும்! பத்து நாளில் பஸ் ஸ்டாண்டு எதிரே பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் எழும்பியது. செசிலியா முகம், கீழே 'நான் காசநோயை வெல்கிறேன்'.

அன்றோடு ஊர் அவளை விட்டு விலகிற்று. கறிவேப்பிலைக்குத் தினம் கை நீட்டும் பக்கத்து வீட்டுத் தமயந்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சர்ச் பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. கணவர் பாக்கியசாமி சுரங்கத்தில் பர்மனென்ட். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் நண்பர்களுக்கு உடனே வேறு வேலை வந்துவிடுமாம். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று முனகினார்.

"கேட்டா உங்க பேரக் குடுத்திருப்பீங்களா? உங்களையும் என்னையும் எவனும் கேட் பாஸப் புடுங்கிட்டு அனுப்ப முடியாது. அவன அனுப்புவான்."

இவ்வளவு விழிப்புணர்வு ஊட்டி வளர்த்த அந்த ஒன்பது பேரும் முதல் வேலையாக ஓடிப்போனார்கள். பத்துப் பேர் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் முட்டை இல்லை. சிங்காரவேல் அதற்குள் இன்னும் பெரிய செய்தி கொண்டுவந்தார்: இங்கே இலக்கு முழுசாக நிறைவேறிவிட்டதாம், திட்டத்தை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார். சடையப்பனுக்கு இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. கேடயத்தை அவிக்கவா முடியும்? தன் வீட்டு முட்டையை அவித்தாள்.

அவன் மட்டும் தப்பாமல் வந்தான். டிசம்பர் மழையில் நனைந்துகொண்டே கடைசி மாத்திரையை விழுங்கினான். சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை. திட்டத்தின் அறிக்கையில் குணமானவர்களுக்கு என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை.

"இப்பவாவது பொண்டாட்டிகிட்ட சொன்னியாடா?"

சடையப்பன் தலையைச் சொறிந்தான். "எங்கக்கா சொல்றது? அதுவே சண்டைக்கு நிக்கிது. அந்த ஃப்ளெக்ஸ் அம்மா வூட்டுப் பக்கம் போய்க்கினு வந்துக்கினு இருக்கியே, ஒனக்கும் தொத்திக்கப் போவுதுன்னு."

"அடப்பாவி! நீ என்ன சொன்ன?"

"என்னாத்த சொல்றது. தலயாட்டுனேன்." கொஞ்சம் தயங்கினான். "கோச்சிக்காதீங்க்கா. அந்த ஃப்ளெக்ஸ அவுத்துப் போட்டுட்டுப் போய்ட்டாங்கல்ல. நாந்தான் எடுத்தாந்தேன். வூடு ஒழுவுது, கூரமேல விரிச்சிருக்கேன்."

செசிலியாவுக்குச் சுருக்கென்றது. "என் மூஞ்சி மேல் பக்கமாவா இருக்கு?"

"இல்லக்கா. எம் பொண்டாட்டிதான் கவுத்துப் போட்டுருச்சி. மழத்தண்ணி ஒங்க மூஞ்சில பட்டு வழிஞ்சி வந்தா புள்ளைங்களுக்குத் தொத்திக்குமாம்."

செசிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. சிரித்ததில் புரையேறி இரண்டு முறை இருமினாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸில் தமயந்தியின் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.