பதினான்கு சோடிச் சப்பாத்து

எனக்கு எட்டு வயதாயிருந்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் பதினான்கு ஆண்கள் குடியிருந்தார்கள். திருடர்கள் அப்படி நம்பவேண்டும் என்பது மாமாவின் ஏற்பாடு. உண்மையில் மாலையில் அங்கே இருந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலைக்கு மதியம் போகும் அப்பா, நான் தூங்கிய பிறகுதான் திரும்புவார்.

நாங்கள் குடியேறியிருந்த பிளாக்ஹவுஸ் பேயில் ஜூன் மாதம்தான் நடுக்குளிர், ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும். அந்த வருடம் இருட்டோடு திருடர்களும் வந்தார்கள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் சுப்பர்மார்க்கெட் போய் வருவதற்குள் அவர்களுடைய பின்கதவை உடைத்துத் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு அம்மாவுக்குப் புதுப் பழக்கமொன்று வந்தது. பொழுதுபட்டதும் இஸ்திரி மேசையை முன்கதவைப் பார்த்தபடி நடையில் விரிப்பார். சட்டைகள் முடிந்தால் தலையணை உறை, அது முடிந்தால் காலுறை, அதுவும் முடிந்தால் மறுபடி அதே சட்டைகள். அப்பா வருமுன் மடித்துவிடுவார்போல, காலையில் பார்த்தால் மேசை இருந்த இடம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் காலுறைக்கு மடிப்பு வைத்துப் போனவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்பாவிடம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலையில்தான் எங்கள் விசாவே தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவிடம் மட்டும், இந்தக் குளிர் முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு, மன்னாருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். ஒட்டுக்கேட்ட எனக்கு ஒரே சந்தோஷம். விடுமுறை என்று நினைத்தேன்.

மாமா அம்மாவின் தம்பி, நகரத்தின் மறுபக்கம் பாபடோயிட்டோயில் தனிக்கட்டை. காதால் பாதி கேட்டுக் கையால் இரண்டு மடங்கு செய்கிறவர். களவு பற்றி எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பொலிஸ் கூட்டம் வைத்தபோது, வீட்டை விட்டு வர மறுத்த அம்மாவுக்காக அவர் போனார். விளக்கைப் போட்டு வையுங்கள், அயலவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் ஆள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று அங்கே ஒரு பொலிஸ்காரி சொன்னாராம். மாமாவுக்குக் கடைசி விஷயம் மட்டும்தான் பிடித்திருந்தது.

"எங்கட ஆக்கள் வீட்டில இருக்கினமெண்டா வாசல்ல சப்பாத்துக் கிடக்கவேணும், அக்கா. இல்லாட்டி ஆர் நம்புவான்?" என்றார்.

மறுநாளே பழைய சாமான் கடையிலிருந்து பதினான்கு சோடி ஆண் சப்பாத்துகளோடு வந்து இறங்கினார். அதில் இரண்டு சோடி, நான் முழங்கால் வரை நுழையக்கூடிய மழைச் சப்பாத்து. ஒவ்வொரு மாலையும் அவற்றை வாசலில் வேறுவேறு விதமாகப் பரப்பிவைப்பது என் பொறுப்பு. நான் அதை ஒரு உத்தியோகமாகவே செய்தேன். அவசரக்காரருடையதைக் கவிழ்த்துப் போடுவேன், நல்லவருடையதைச் சுவரோரம் சேர்த்து வைப்பேன். அம்மா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இஸ்திரி போடுவதையும் விடவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் மாதா கோயில் அன்ரி ஒருவர் வேலை முடிந்து அந்த வழியால் காரில் போனார். வாசல் விளக்கு எரிகிறது, திரைச்சேலைகள் மூடியிருக்கின்றன, படி நிறையச் சப்பாத்து. செபக்கூட்டம் என்றால் அவருக்குத் தெரியாமல் நடக்காது. மன்னாரிலிருந்த அம்மப்பாவுக்குச் சுகமில்லை என்று ஞாயிறுதோறும் கோயிலில் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அன்ரி கணக்கைக் கூட்டிப் பார்த்தார். செத்தவீடு என்று விடை வந்தது. காரிலிருந்தபடியே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேநீர்க் குடுவையோடு திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

அம்மா கையில் சூடான இஸ்திரிப்பெட்டியோடு கதவைத் திறந்தார். எதிரே அன்ரி கண்ணீர் வடித்துக்கொண்டு நின்றார். தகப்பனின் சாவுச் செய்தி தனக்கு முதல் அன்ரிக்கு வந்துவிட்டது என்று அம்மா நினைத்தார். அம்மா ஓவென்று குழறிய குழறலில் அன்ரிக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. நான் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே சேர்ந்து அழுதேன்.

அரை மணியில் வீடு நிறைந்துவிட்டது. பாணும் சம்பலும் வந்தன. என் பதினான்கு பேரின் சப்பாத்துகள் உண்மையான சப்பாத்துகளுக்குள் காணாமல் போயின. கடைசியாக ஓடிவந்த மாமாதான் எப்போது நடந்தது என்று கேட்டார். அன்ரி அம்மாவைப் பார்த்தார், அம்மா அன்ரியைப் பார்த்தார். உடனே மன்னாருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கே பகல் சாப்பாட்டு நேரம்.

"ஓம், நான்தான் கதைக்கிறன். சோத்தில கை வச்சிட்டன், பிறகு எடுங்கோ" என்றார் அம்மப்பா. விஷயத்தைச் சொன்னதும் கோபிக்கவில்லை. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அம்மா அப்படிச் சிரித்து நான் அந்த மாதம் முழுதும் பார்த்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் வந்தது. தன் வாசலை அடைத்து நின்ற கார்களைக் கண்டு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அழைத்திருந்தார். வந்தவர் கூட்டத்தில் பேசிய அதே பொலிஸ்காரி, சமோவாத் தீவுப் பெண். யாரும் சொல்லாமலே தன் பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பாணும் சம்பலும் சாப்பிட்டபடி முழுக் கதையையும் கேட்டார். பதினான்கு சோடிச் சப்பாத்தைவிட இந்த ஆட்கள்தான் நல்ல காவல் என்று சொல்ல, மாமா கூரையைப் பார்த்தார். போகும்போது பொலிஸ்காரி நடையில் நின்ற இஸ்திரி மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அன்ரியை ஒதுக்குப்புறமாக அழைத்து ஏதோ பேசினார்.

மறுநாளிலிருந்து பொழுதுபட்டதும் யாராவது வந்துவிடுவார்கள். ஒருநாள் அன்ரி, ஒருநாள் மாமா, ஒருநாள் கறிவேப்பிலை கொடுக்க வந்து மூன்று மணி நேரம் இருந்த ஒருவர். கிழவர்கூடத் தன் மரத்து எலுமிச்சம்பழங்களோடு வந்து எங்கள் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு போனார். இப்போது நினைத்தால் அவர்கள் எல்லோர் மேலும் எனக்கு அப்படி ஒரு அன்பு. அப்போது அவர்கள் மேல் மனக்குறைதான் இருந்தது. மன்னார்ப் பயணப் பேச்சு நின்றுபோயிற்று. இஸ்திரி மேசையும் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. கசங்கிய காலுறையோடு பள்ளிக்கூடம் போவதா என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தேன்.

"இனி அது தேவையில்லை, குஞ்சு" என்றார் அம்மா.

கதைக்க ஆள் கிடைத்ததும் அம்மாவுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, அப்பா வீட்டில் நின்ற ஒரு சனிக்கிழமை அவரிடம் முறையிட்டேன். சப்பாத்துக் கதையைச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருந்தார்களே தவிர, இஸ்திரி போட்ட கதையை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா எங்க நிண்டு அயன் பண்ணினவா?" என்று கேட்டார்.

நடைக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினேன். அப்பா மேசையை அங்கேயே விரித்து, பெட்டியைச் சூடாக்கி, என் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு முன்கதவையே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். மடிப்பு வைக்கத் தெரியாமல்தான் யோசிக்கிறார் என்று நினைத்து, நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.