ஆட்டுக்குப் பின்னால் அப்பா

அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் ஆட்டைத்தான் பார்த்தார்கள். சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர் ஆட்களும் ஆட்டைத்தான் பார்த்தார்கள். ஆட்டுக்குப் பின்னால் பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்ததோடு நிற்காமல் வாயையும் திறந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டிருந்தார் என்பது அம்மா சொல்வது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, சீர்காழிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு சிநேகிதனோடு வந்து இறங்கினார்.

கதை இதுதான்: பயிரைப் பார்வையிட வரும் அதிகாரிக்கு நெல் எது, புல் எது என்று தெரியாது. மாமாதான் அதிகாரி. கண்மையால் வரைந்த மீசை வெயிலில் உருகி உதட்டுக்கு வந்துவிட்டது. விவசாயியாக நடித்த சிநேகிதன் வசனத்தைச் சொல்வதற்கு முன்பே சிரித்தான். நடுவில் யார் வீட்டு ஆடோ வந்து அதிகாரி கையிலிருந்த காகிதத்தைத் தின்ன ஆரம்பித்தது. வசனமே அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. பிடுங்கப் போன மாமா சேற்றில் விழுந்தார். பத்து வயதான நான்தான் கேமரா பிடித்தேன். என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. நான் நிறுத்தவில்லை.

மாமா டவுன் பிரவுசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து அதை ஏற்றினார். அவர் ராப்பகலாக யோசித்து எழுதிய நகைச்சுவைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தவறிப்போனதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வருஷம் தண்ணீருக்குப் பஞ்சம். எங்களுடையது கடைமடை. மேலே எல்லாரும் பாய்ச்சிக்கொண்டு மிச்சம் வருவதுதான் எங்களுக்கு. அதனால் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சினார்கள், இன்று ஒருவர் வயலுக்கு, நாளை அடுத்தவர் வயலுக்கு என்று. முறையை எழுதும் நோட்டு அப்பாவிடம் இருந்தது. ஊரில் அவர்தான் நியாயஸ்தர்.

எங்கள் வயலுக்கு அடுத்தது பெரியம்மா வயல். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணி அவர். பெரியப்பா இறந்த பிறகு ஒரு ஏக்கர் வரும் மூன்று மா நிலத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறையன்று மட்டும் தண்ணீர் பாதியில் காணாமல் போனது. பயிர் மஞ்சளடித்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, உங்க வரப்பு பூரா நண்டு வளைங்க. தண்ணி அதுலதான் கசிஞ்சு போவுது" என்றார் அப்பா.

பெரியம்மா நாலு நாள் குனிந்த முதுகு நிமிராமல் வளை வளையாகச் சேறு வைத்து அடைத்தார். அடைத்த இடங்களை அப்பாவுக்குக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா அந்த வீடியோவை லேப்டாப்பில் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது, பெரியம்மா உட்பட. ஆடு வந்ததும் கூடம் அதிர்ந்தது. அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேமரா பிடித்த என்னைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த ஆற்றாமையில் எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தேன்.

"ஆட்டுக்குப் பின்னாடி பாருங்க. அப்பாவும் இருக்காங்க! நான்தான் புடிச்சேன்!"

மாமா திருப்பிப் போட்டார். விரற்கடை அளவுக்கு அப்பா தெரிந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் மண்வெட்டி. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பெரியம்மாவின் வாய்க்கால் கரையில் இரண்டே வெட்டு. தண்ணீர் எங்கள் வயலுக்குள் திரும்பியது. ஊரே சாப்பிடப் போயிருந்த உச்சி வேளை அது. காட்டாமணக்குப் புதர் எங்களை அவரிடமிருந்து மறைத்திருக்க வேண்டும்.

ஒருவரும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவ போடு தம்பி" என்றார் பெரியம்மா.

மாமா போட்டார். பெரியம்மா கடைசி வரை பார்த்தார்.

"நம்மூரு நண்டு மண்வெட்டியெல்லாம் புடிக்குது" என்றார்.

நான் மட்டும் சிரித்தேன். அந்த வீடியோவிலேயே இல்லாத நல்ல வசனம் என்று எனக்குப் பட்டது. அதுவரை என்னைத் தொட்டு அடித்திராத அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்பாவை ஊர் முன்னால் நிறுத்தியது வேறு யாரும் இல்லை, பாராட்டுக்கு அலைந்த நான்தான்.

மறுநாள் அப்பா முறை நோட்டை ஊராரிடம் கொடுத்துவிட்டார். மாமா வீடியோவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். அதற்காக நான் இரண்டு நாள் அழுதேன். எங்கள் முறைத் தண்ணீரை, யாரும் கேட்காமலே, அப்பா பெரியம்மா வயலுக்குத் திருப்பிவிட்டார். விடிவதற்குள் வயலுக்குப் போய், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வீடு திரும்பினார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் மனஸ்தாபம் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பெரியம்மா இனி எங்கள் படி ஏற மாட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியம்மா என்னை நிறுத்தினார்.

"அப்பா சாப்புடுறாரா?"

"இல்ல பெரியம்மா. பல்வலியாம்."

அடுத்த ஞாயிறு மத்தியானம் பெரியம்மா எங்கள் வீட்டுக்குள் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராகக் கூடத்தில் உட்கார்ந்தார்.

"எல போடும்மா" என்றார் அம்மாவிடம். "கொழுந்தனாரயும் கூப்புடு. அவரு உக்காந்தாத்தான் நான் கை வைப்பேன்."

அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். பெரியம்மா ரசத்துக்கு இன்னொரு முறை சோறு கேட்டு வாங்கினார். குனிந்தபடியே சாப்பிட்ட அப்பாவின் கண்ணீர் இலையில் விழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிர் காய்ந்ததால் அவர் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது போலும், பாவம், பசி பொறுக்காமல் வந்துவிட்டார் என்று நினைத்தேன். என் பங்கு அப்பளத்தை எடுத்துப்போய் அவர் இலையில் வைத்தேன்.