பெருமாளுக்கு முன்னால் போன வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு காலை. பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெரு வழியாகப் பெருமாள் புறப்பாடு வரும் நாள். நாங்கள் சமணர்கள். ஆனாலும் அன்றைக்கு எங்கள் வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவோம். அந்த நாளில், அந்தத் தெரு நடுவில், நான் அடித்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா விவசாயி. கிணற்றடி ஆயில் இன்ஜினை அவர் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்தே தொழில் கற்றேன். உயரம் கொஞ்சம் அதிகம், வாய் அதைவிட அதிகம். ஒரு பெண் ஸ்பானரைக் கையில் எடுத்தால் போதும், தெருவில் போகிற ஆண்களுக்கெல்லாம் யோசனை சொல்ல ஆசை வந்துவிடும். அதனாலேயே என் வேலையில் யாரையும் மூக்கை நுழைக்க விடமாட்டேன்.

திருப்புட்குழிப் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் பழைய மோட்டார்களை எடுக்கப் போனபோது, சாக்குகளுக்கு அடியில் அந்த வண்டி கிடந்தது. மண் மேடுகளில் தாவிக் குதித்து ஓட்டுகிற மோட்டோகிராஸ் பந்தய வண்டி. ஜப்பான் தயாரிப்பு, டூ ஸ்ட்ரோக், வயதில் எனக்குத் தம்பி முறை. லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. காற்று வடிகட்டிக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. “அதையும் எடுத்துக்கினு போம்மா, எடம் காலியாவும்” என்றார் தோட்டக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த வண்டிதான். பிஸ்டன் ஒரு ஊரிலிருந்து வந்தது, ரிங் வேறு ஊரிலிருந்து வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குத் தனியாக ஆயில் போகாது. பெட்ரோலிலேயே அளவாகக் கலந்து ஊற்ற வேண்டும். கூடினால் பிளக் கறுத்துப்போகும், குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். “நம்ம பசங்களுக்குக்கூட நீ இவ்வளவு பாத்துப் பாத்து பால் கலக்கலம்மா” என்பார் என் வீட்டுக்காரர். எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. நாலு மாதம் உதைத்து உதைத்து என் வலது கால்தான் தேய்ந்தது. கடைசியில் கிராங்க் பக்கத்து ரப்பர் சீலில் காற்றுக் கசிவு என்று கண்டுபிடித்து மாற்றினேன்.

அந்தக் காலையில் வாசலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, புதுச் செயினை மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி பைக் மெக்கானிக். ஆள் குள்ளம், ஆனால் கண் கூர்மை. “அக்கா, ஒருவாட்டி நான் பாத்துடட்டுமா?” என்றார்.

“உன் கடைக்கு வர்ற வண்டியப் பாருப்பா, போதும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

பின்சக்கரத்தை இழுத்து, செயின் தொய்வைச் சரிசெய்தேன். நட்டைக் கையால் திருகிவிட்டு, இன்ஜின் இன்றைக்காவது பேசுமா என்று ஒரு உதை உதைத்தேன். ஒரே உதை! நீலப் புகையைக் கக்கிக்கொண்டு தெருவே அதிரப் பிடித்துக்கொண்டது. என்னையறியாமல் கத்திவிட்டேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புறப்பாட்டுக்காக வண்டிகளை எல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். தெரு துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது. சாமி வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட வண்டியைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி, செவிலிமேட்டுப் பக்கம் என் தம்பியின் தரிசு நிலத்துக்குக் கொண்டுபோய்தான் ஓட்ட வேண்டும். தெருவில் ஓட்டுவது தப்பு என்று எனக்கும் தெரியும். “ஒரே ஒரு ரவுண்டு” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தெருமுனை வரை போகும்போது நான் தரையில் இல்லை. திரும்பினேன். தெரு குறுகும் இடத்தில், கால்வாய்க்காகத் தோண்டிப்போட்ட பள்ளத்துக்குப் பக்கத்தில், படார் என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. கீழே விழவில்லை, அந்தமட்டில் பிழைத்தேன். குனிந்து பார்த்தால் செயின் கழன்று பல்சக்கரத்துக்குள் சுருண்டு நெரிந்து கிடக்கிறது. சக்கரம் ஒரு விரல் தூரம்கூட உருளவில்லை. அப்போதுதான் முனையில் நாதஸ்வரம் கேட்டது. அந்த வருடம் பெருமாள் சீக்கிரமே வந்துவிட்டார்!

தெருமுனைப் பந்தலில் சாமி வாகனத்தை நிறுத்தி மண்டகப்படி ஆரம்பித்தார்கள். தீபாராதனை முடிந்தால் அடுத்தது இந்தப் பக்கம்தான். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் சுவர். வாகனமும் குடையும் வந்தால் தெரு முழுக்க வேண்டும். நடுவில் நானும் என் வண்டியும். ஊரே வருடம் முழுக்கக் காத்திருக்கும் சாமி, என் விளையாட்டுப் புத்தியால் வழியில் நிற்கப்போகிறதே என்று வண்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

எதிர்வீட்டுத் தம்பியும் என் வீட்டுக்காரரும் ஓடிவந்தார்கள். இன்னும் ஒருவரையும் சேர்த்து நாலு பேரும் தூக்கினோம். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வண்டி பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. சூடான சைலன்சர் என் வீட்டுக்காரர் கையைச் சுட்டுவிட்டது. கூடியிருந்தவர்கள் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வாகனம் தூக்குபவர்களோடு, தோள் மாற்றிக்கொள்வதற்கென்று சிலர் கூடவே வருவார்கள். அவர்களில் மூன்று பேர் பந்தலிலிருந்து இரண்டு மூங்கில்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். ஒரகடத்தில் வண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலையாம். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். நட்டின் மேல் இரண்டு விரலை வைத்தார். அது லொடலொடவென்று சுற்றியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையால் திருகிய நட்டை நான் ஸ்பானர் வைத்து இறுக்கவே இல்லை. சக்கரம் நகர்ந்து, செயின் தொய்ந்து, கழன்றிருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வந்தவன்கூட செய்யாத தப்பு!

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னாப்பா ஆச்சு?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அவர் நட்டைக் கையால் மூடிக்கொண்டு, “பழைய வண்டி இல்லீங்களா, செயின் கழண்டுக்கிச்சு” என்றார். செயின் புத்தம் புதுசு என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

ஒரு மூங்கிலை ஹேண்டில்பாருக்கு அடியிலும் இன்னொன்றை சீட்டுக்கு அடியிலும் குறுக்கே செருகிக் கட்டினார்கள். நாலு முனைக்கு நாலு தோள் வேண்டும். எல்லாத் தோளும் ஒரே உயரமாக இருந்தால்தான் பாரம் சமமாக இறங்குமாம். எதிர்வீட்டுத் தம்பி முன்னால் வந்தார். அவரை அளந்துவிட்டுச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் தேறவில்லை. ஒரகடத்துத் தம்பி என்னைப் பார்த்து, “அக்கா, நீங்கதான் கரெக்ட். வாங்க” என்றார்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தேன்.

“எங்க காலப் பாத்துக்கினே வைங்கக்கா. நீங்களா அடி எடுத்து வெக்காதீங்க.”

முதல் பத்தடி தடுமாறினேன். அப்புறம் அவர்கள் கால் போன மாதிரியே என் காலும் போனது. நம்பமாட்டீர்கள், பாரமே தெரியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் தட்டோடு நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு அம்மா சாமிதான் வந்துவிட்டது என்று அவசரமாகக் கற்பூரம் ஏற்றிவிட்டு, நிமிர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினைந்து வீடு தாண்டி எங்கள் கேட்டுக்குள் வண்டியை இறக்கியதும், மூன்று பேரும் வந்த வழியே ஓடினார்கள்.

தீபாராதனை முடிந்து பெருமாள் புறப்பட்டார். எங்கும் நிற்காமல், அசைந்து அசைந்து எங்கள் வாசலைக் கடந்து போனார். ஒரகடத்துத் தம்பி இப்போது வாகனத்தின் கீழே இருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். சாமிக்கா அவருக்கா என்று கேட்டால், இரண்டு பேருக்கும்தான்.

கூட்டம் கலைந்த பிறகு எதிர்வீட்டுத் தம்பி ஆறுதலாக, “விடுக்கா, பழைய வண்டி, செயின் கழல்றது யாருக்கும் ஆவறதுதான்” என்றார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. “செயின் புதுசுப்பா. பின் நட்ட நான் டைட் பண்ணவே இல்ல” என்று சொல்லிவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையில் மருந்து தடவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அவரைவிட அதிகமாகச் சிரித்தார்.

இப்போது அந்த வண்டி என் தம்பியின் நிலத்தில் மட்டும்தான் ஓடுகிறது. தோள் கொடுத்த ஒரகடத்துத் தம்பியும் ஒருநாள் வந்து ஓட்டி, மணலில் புரண்டு எழுந்து சிரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன்னால் எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, “ஒருவாட்டி பாத்து சொல்லுப்பா” என்கிறேன். அப்படிக் கேட்பதில் எனக்கு இப்போது வெட்கமே இல்லை. என் தப்பை முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர் உண்டு, அவர்களோடெல்லாம் சண்டைதான் போட்டிருக்கிறேன். ஊர் பார்த்துவிடாமல் அதைக் கையால் மூடி மறைத்த ஒருவரால்தான் நான் திருந்தினேன்.